அந்த அப்பாச்சி வகுப்பில் முதலில் நீங்கள் போய் உட்காருங்கள்

தம்பி, அமெரிக்காவின் அரிசோனாவில் அப்பாச்சி என்ற பழங்குடி மக்களே நடத்தும் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலையும், கொஞ்ச வருடத்துக்கு மட்டும் தரும் ஜே-1 விசாவும் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சம்பளம், சைவச் சாப்பாடு பற்றிக் கேட்டுவிட்டு, "அப்பாச்சி மொழி வகுப்புக்கே நேரம் போனால் என் பாடம் என்ன ஆகும்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சம்பளத்தில் குடும்பம் நடத்தலாம். பருப்பு, புளி எல்லாம் ஃபீனிக்ஸ் போகும்போது மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜெண்டுக்கு ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்துவிட்டு, அந்தக் கடனை அடைக்க இரண்டு வருடம் ஆனது.

அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் இவ்வளவு எழுதுகிறேன். நான் இங்கே அப்பாச்சி ஊரான ஒயிட்ரிவர் பக்கம் வாத்தியார் வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. முதல் வாரம் ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. திமிர் என்று நினைத்துக் கத்திவிட்டேன். மத்தியானம், அப்பாச்சி சொல்லித்தரும் பாட்டி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பழகாதவர் முன் பேசாமல் இருப்பது இங்கே திமிர் இல்லை என்றார். பிறகு மேசைமேல் ஒரு கல், ஒரு கயிறு, ஒரு கோப்பைக் காப்பி வைத்தார். நமக்கு மூன்றுமே 'கொடு'தான். அவர்களுக்குக் கெட்டியான உருண்டைப் பொருளைக் கொடுக்க ஒரு வினை, கயிறு மாதிரி வளைவதற்கு இன்னொன்று, பாத்திரத்தில் இருப்பதற்கு வேறொன்று. வடிவியலைப் புரியவைக்க நான் படம் படமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அது அந்தப் பாட்டியின் வினைச்சொல்லிலேயே இருந்தது. மறுநாள் என் வகுப்பையும் கல், கயிறு, கோப்பையில்தான் ஆரம்பித்தேன்.

அந்த மொழி பள்ளிக்குள் வந்தது லேசில் இல்லை, தம்பி. அமெரிக்கப் படையோடு சண்டை போட்ட அப்பாச்சித் தலைவர் ஜெரோனிமோ 1886இல் சரணடைந்த பிறகு, ஃபுளோரிடாவில் கைதிகளாக இருந்த அப்பாச்சிகளின் பிள்ளைகளைப் பிரித்து, பென்சில்வேனியாவில் கார்லைல் விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். முடியை வெட்டினார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. பல பிள்ளைகள் காசநோயில் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் பக்கத்திலேயே ஃபோர்ட் அப்பாச்சி ராணுவ முகாமை 1923இல் விடுதிப் பள்ளியாக்கினார்கள். அந்தக் காலத்தில் வாயடைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் நீங்கள் பாடம் எடுக்கப்போகிறீர்கள்.

நம்ம ஊர்க்காரர்கள் சிலர் விசா முடிய நாள் எண்ணிக்கொண்டே இருந்து, "இதுகளுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சன்ரைஸ் சடங்குக்கு அழைத்தாலும் அவர்கள் போவதில்லை. உங்களைக் கூப்பிட்டால் போங்கள். கேட்காமல் படம் மட்டும் எடுக்காதீர்கள். வயசுக்கு வந்த பெண்ணுக்கு நாலு நாள் நடக்கும். என் மாணவி ஒருத்திக்கு நடந்தபோது நானும் வரிசையில் நின்று அவள் தலையில் மஞ்சள் மகரந்தம் தூவினேன். பக்கத்தில் அந்தப் பாட்டி நின்றார். மஞ்சள் நீராட்டில் எனக்குத் தண்ணீர் ஊற்றிய அத்தையின் ஈரக் கை நினைவுக்கு வந்தது.