வாசகர் கேள்வி: புலாவ் உபின்

கேள்வி: பிள்ளைகளுக்குப் பழைய கம்பத்து (கிராமத்து) வாழ்க்கையைக் காட்ட வேண்டும். புலாவ் உபின் போகலாமா? அங்கே என்ன இருக்கிறது?
- ஈசூன் வாசகி

பதில்: தாராளமாகப் போகலாம். சிங்கப்பூரைச் சேர்ந்த அந்தத் தீவே கருங்கல்லால் வாழ்ந்த ஊர். 1851-இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு இங்கிருந்துதான் கல் போனது. ஜோகூர் பாலத்துக்கும் போனது. 1999-இல் கடைசிக் குவாரி மூடப்பட்டது. வெட்டிய பள்ளங்களில் இப்போது நீர் நிற்கிறது. கிணறும் ஜெனரேட்டரும் உள்ள வீடுகளைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள், வேறெங்கே பார்க்கப் போகிறார்கள்!

சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும், பயணம் பத்து நிமிடம். ரொக்கம் எடுத்துச் செல்லுங்கள். மாலையில் ஆள் சேரத் தாமதமாகும், காலியிடத்துக்கும் சேர்த்துக் கொடுத்தால் உடனே கிளம்பலாம். இருட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.

தீவின் கிழக்குக் கோடியில் உள்ள செக் ஜாவா சதுப்பு நிலத்துக்குக் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். கடல் ஏற்றவற்றத்தின் (tide) உயரம் 0.5 மீட்டருக்கு மேலிருந்தால் நண்டும் நட்சத்திரமீனும் தண்ணீருக்கடியில்தான். பலர் ஏமாறுவது இங்கேதான். சைக்கிளை நுழைவாயிலில் பூட்டிவிட்டு நடக்க வேண்டும். சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிடாதீர்கள், காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து வந்துவிடும்.