வேலை நேரத்தில் கவனம் சிதறாமல் இருக்கத் தனியாக நேரம் ஒதுக்குவது நடைமுறையில் முடியுமா?

கேள்வி கேட்டவர் ஒரு கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். போன், வாட்ஸ்அப், பக்கத்து மேசை, சீனியர் என்று மாறி மாறி இழுப்பதால் உட்கார்ந்து ஒரு வேலையை முடிக்க முடியவில்லை என்கிறார். "தினமும் இரண்டு மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாதபடி ஒதுக்கு" என்ற அறிவுரை நம் ஊர் அலுவலகங்களுக்கு ஒத்துவருமா என்பது அவருடைய சந்தேகம்.

ஒத்துவரும். ஆனால் அந்த அறிவுரையில் பாதியைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். டைரியில் பத்து முதல் பன்னிரண்டு வரை என்று கோடு போடுவது சுலபம். அந்த நேரத்தில் நம்மைத் தேடுகிறவருக்கு, எத்தனை மணிக்குப் பதில் கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதி இல்லாவிட்டால் முதல் பாதி ஒரு வாரம்கூடத் தாங்காது.

நான் திருப்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் பனியன் கம்பெனிகளின் கணக்கு. கூடவே நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என்று ஜாப் ஒர்க் செய்கிற சின்ன யூனிட்டுகள். எங்கள் மாதம் தேதிகளால் ஆனது. 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போது பிடித்து வைத்த வருமான வரியைக் கட்ட வேண்டும். ஜிஎஸ்டியை மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 11க்குள் விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20க்குள் வரியைக் கணக்குப் பார்த்துக் கட்டும் 3பி. நடுவில் 14ஆம் தேதி 2பி வந்து விழும். 3பி தள்ளிப்போனால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. அதனால் 14க்கும் 20க்கும் நடுவில்தான் எல்லாப் பார்ட்டிகளும் (எங்களிடம் கணக்குக் கொடுத்திருப்பவர்கள்) போன் செய்வார்கள். மிகவும் கவனம் கேட்கிற வேலையும் அதே வாரத்தில்தான் வரும்.

அது என்ன வேலை என்று கொஞ்சம் விளக்கினால்தான் நான் சொல்ல வருவது புரியும். 2பி என்பது, நம் பார்ட்டிக்குச் சரக்கு விற்றவர்கள் தங்கள் தாக்கலில் காட்டிய பில்களின் பட்டியல். அதில் இருக்கிற பில்லுக்குத்தான் இன்புட் கிரெடிட் எடுக்க முடியும், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும். டேலி என்ற கணக்கு மென்பொருளில் நாம் போட்ட பர்ச்சேஸை ஒரு பக்கமும் 2பியை இன்னொரு பக்கமும் வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். நூல் கடை பில்லில் 0187 என்று இருப்பதை நம் ஆள் 187 என்று போட்டிருப்பார். எக்செல்லுக்கு அவை இரண்டும் வேறு வேறு பில். ஒரு டையிங் யூனிட் 30ஆம் தேதி போட்ட பில்லை அடுத்த மாதத் தாக்கலில்தான் காட்டியிருக்கும். இன்னொருவர் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அந்தத் தொகையைக் குறைத்துக் கிரெடிட் நோட் போட்டிருப்பார். அது நம் பக்கம் வந்தே சேர்ந்திருக்காது. ஒரே குடும்பத்தில் அண்ணன் பெயரில் ஒரு கம்பெனி, தம்பி பெயரில் ஒரு கம்பெனி இருந்தால், அண்ணனின் பில் தம்பியின் ஜிஎஸ்டி எண்ணில் ஏறியிருக்கும். எண்ணோ 15 எழுத்து. தமிழ்நாட்டு எண்கள் எல்லாமே 33இல் தொடங்குவதால், சட்டென்று பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும்.

இவற்றைப் பொருத்தும்போது ஐந்தாறு சந்தேகங்கள் ஒரே சமயத்தில் தலைக்குள் நிற்க வேண்டும். எந்தத் தொகை எதோடு சேரும், போன மாதம் விட்டுப்போனது எது, யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அப்போது எந்தத் தாளிலும் இருக்காது. அந்த நேரம் பார்த்து ஒரு போன் வரும். "சார், நேத்துப் போட்ட இ-வே பில்லக் கேன்சல் பண்ணலாம்ங்களா?" இ-வே பில் என்பது சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஆன்லைன் அனுமதிச் சீட்டு. நியாயமான கேள்விதான். 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டிய வேலை அது, அவர் கேட்கத்தான் வேண்டும். பதில் சொல்ல அரை நிமிடம் போதும். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் திரையில் வரிகள் அப்படியே இருக்கும். தலைக்குள் கோத்து வைத்திருந்தது மட்டும் போயிருக்கும்.

சோஃபி லெராய் என்ற பேராசிரியர் இதை ஆராய்ந்திருக்கிறார். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போனால், மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, அதனால் புதிய வேலையும் சரியாக நடப்பதில்லை என்று 2009இல் எழுதினார். எனக்கு அதைவிடப் பயன்பட்டது, தெரசா கிளாம்ப் என்பவரோடு சேர்ந்து அவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு. வேலையை விட்டு எழுவதற்கு முன், எங்கே நிற்கிறோம், திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைத்தவர்களுக்கு அந்த இழுப்பு குறைந்தது என்பதே அதன் சாரம். நான் கீபோர்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருப்பேன். "நூல் பில் 0187 சரி. டையிங் 2 பில் அடுத்த மாதம். இனி கிரெடிட் நோட் பார்க்கணும்." இவ்வளவுதான். யாராவது கூப்பிட்டால், "ஒரு நிமிசம்ங்க" என்று சொல்லி இதை எழுதிவிட்டுத்தான் தலையைத் தூக்குவேன். ஒரு ரூபாய் செலவில்லை, யாருடைய அனுமதியும் வேண்டாம், இன்றைக்கே தொடங்கலாம். இந்தப் பதிலில் வேறு எதையும் எடுத்துக்கொள்ளாவிட்டாலும் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சீட்டு, தொந்தரவு வந்த பிறகு செய்யும் வைத்தியம்தான். தொந்தரவையே குறைக்க மற்றவர்களோடு ஓர் ஏற்பாடு வேண்டும்.

லெஸ்லி பெர்லோ என்ற ஆய்வாளர், அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை நெருக்கமாகக் கவனித்து, 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பகலெல்லாம் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்ததால், சொந்த வேலையை இரவிலும் விடுமுறையிலும் செய்யும் நிலையில் அவர்கள் இருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் காலை, நண்பகல் வரை யாரும் யாரையும் குறுக்கிடக் கூடாது என்று ஓர் ஏற்பாடு செய்து பார்த்தார்கள். வேலை நன்றாகவே நடந்தது. ஆனால் ஆய்வு முடிந்த பிறகு பழையபடி ஆகிவிட்டது. கடைசி நேரத்தில் ஓடிவந்து நெருக்கடியைத் தீர்ப்பவருக்கே அங்கே பாராட்டு கிடைத்ததால், நெருக்கடி வராமல் பார்த்துக்கொள்ள யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. ஒருவர் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அவருக்கு வர வேண்டிய போனெல்லாம் பக்கத்து மேசைக்குப் போகும். அது பக்கத்தில் இருப்பவருக்கு நியாயமில்லை. அலுவலகம் முழுக்க ஒரே நேரமாக இருந்தால்தான் நிற்கும். அதற்கு முதலாளியின் சம்மதம் வேண்டும்.

எங்கள் ஆபீஸில் இப்போது இப்படி நடக்கிறது. 14 முதல் 18 வரை காலை பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை 2பி மட்டும். அந்த நேரத்தில் ஒருவர் முறை வைத்துப் போன் எடுப்பார். பார்ட்டிகள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற பில் போட்டோக்களைப் பெயர் போட்டு போல்டரில் சேர்ப்பதும் அவர்தான். எங்களைப் போன்ற ஆபீஸில் வாட்ஸ்அப்பை மூடி வை என்று சொல்வதில் அர்த்தமில்லை, பில்லே அதில்தான் வருகிறது. ஆனால் எல்லாருடைய கணினியிலும் அது திறந்திருக்க வேண்டியதில்லை. போன் முறையில் இருப்பவர், தெரிந்ததற்குப் பதில் சொல்வார். தெரியாததை ஒரு நோட்டில் பெயர், விஷயம், அவசரமா இல்லையா என்று குறித்துக்கொள்வார். பன்னிரண்டு மணிக்கு அந்த நோட்டு எங்களிடம் வரும். ஒரு மணிக்குள் எல்லாரையும் நாங்களே கூப்பிட்டுவிடுவோம்.

பார்ட்டிகளுக்கு மாதாமாதம் முன்கூட்டியே ஒரு செய்தி போகும்: "இந்த வாரம் காலை 10 முதல் 12 வரை 2பி சரிபார்க்கிறோம். உங்கள் கேள்விக்கு 12 முதல் 1 மணிக்குள் நாங்களே கூப்பிடுகிறோம். அவசரம் என்றால் உடனே இரண்டாவது முறை கூப்பிடுங்கள், எடுத்துப் பேசுவோம்." ஆரம்பத்தில் சிலருக்கு வருத்தம். காசு கொடுக்கிறோம், போனில்கூடப் பேச மாட்டீர்களா என்று கேட்டார்கள். சொன்ன நேரத்துக்குத் தவறாமல் போன் போகவே, அந்தப் பேச்சு நின்றது. ஒரு மனிதர் ஒன்பது தடவை கூப்பிடுவது, தன்னை மறந்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான். அந்தப் பயத்தைப் போக்குவது நம் பொறுப்பு. சொன்ன நேரத்தில் கூப்பிடாவிட்டால் மறுநாளே பழைய கதை தொடங்கிவிடும். அதனால் என்னிடம் கேட்டால், அமைதியாக உட்காரும் இரண்டு மணி நேரத்தைவிடத் திருப்பிக் கூப்பிடும் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் கண்டிப்பாகக் காப்பாற்ற வேண்டும் என்பேன்.

உண்மையான அவசரம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சரக்கு வண்டியை ரோட்டில் நிறுத்தி இ-வே பில்லில் தவறு என்று சொன்னால், அந்த ஓனர் பன்னிரண்டு மணி வரை காத்திருக்க முடியாது. இரண்டாவது அழைப்பு அதற்காகத்தான். யாரும் அதைத் தவறாகப் பயன்படுத்துவதில்லை.

ஓடிபி விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் வேலையைக் கெடுப்பது அது. தாக்கல் செய்யும்போது ஓடிபி பார்ட்டியின் போனுக்குப் போகும். அவர் மெஷின் சத்தத்தில் இருப்பார், அல்லது பேங்கில் இருப்பார். நாம் கூப்பிட, அவர் எடுக்காமல் போக, எண் காலாவதியாக, மறுபடி முதலிலிருந்து. இப்போது மூன்று மணிக்கு மேல்தான் தாக்கல் என்று வைத்து, யாருக்கு எந்த நேரம் என்று காலையிலேயே சொல்லிவிடுகிறோம். அவரும் போனைக் கையில் வைத்திருப்பார்.

அப்புறம், எல்லா வேலைக்கும் இந்த அமைதி தேவையில்லை. விமானத் துறையில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1974இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் தரையிறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று ஓடுபாதைக்கு முன்பே விழுந்து 70க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறங்கும் நேரத்தில் விமானிகள் அரசியலும் பழைய கார்களும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. 1981இல் விதி வந்தது: 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது, ஏறும்போதும் இறங்கும்போதும், விமானத்தை இயக்கத் தேவையில்லாத பேச்சு கூடாது. மேலே சீராகப் பறக்கும்போது பேசலாம். நாள் முழுக்க வாயைக் கட்டச் சொல்லாத விதி என்பதால்தான் அதைக் கடைப்பிடிக்க முடிகிறது. எங்களுக்கு 2பியும் பேங்க் ரீகன்சிலியேஷனும் (பேங்க் ஸ்டேட்மெண்டை நம் கணக்கோடு பொருத்துவது) தரையிறங்கும் நேரம். பில் என்ட்ரி, பிரின்ட் எடுப்பது, பைல் கட்டுவது எல்லாம் பேசிக்கொண்டே செய்யலாம். செய்யவும் வேண்டும், அப்படித்தான் புதிதாக வந்தவர்கள் தொழில் கற்றுக்கொள்கிறார்கள்.

பொமொடோரோ முறை பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துப் படிக்கத் தொடங்கியது அது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. பில் என்ட்ரிக்கு அருமையாகப் பொருந்தும். 2பிக்கு எனக்குப் பொருந்தவில்லை. எல்லாம் தலைக்குள் ஏறி முடிக்கும்போது மணி அடித்துவிடுகிறது. ஒரு பார்ட்டி முடிந்ததும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவது எனக்குச் சரியாக இருக்கிறது.

நீங்கள் புதிதாகச் சேர்ந்தவர், ஆபீஸுக்கு விதி போடும் இடத்தில் இல்லை. சரி, உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். சீனியர் கூப்பிடும்போது முடியாது என்று சொல்ல வேண்டாம். "சார், இந்தப் பார்ட்டியோட 2பி பாதியில இருக்குதுங்க. பதினொன்றரைக்கு முடிச்சிட்டு வரட்டுங்களா, இப்பவே வரணுங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "முடிச்சிட்டு வாப்பா" என்றுதான் பதில் வரும். அவசரம் என்றால் அவரே சொல்வார். அதேபோல், அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய சந்தேகங்களையும் வந்தபோதெல்லாம் எழுந்து போய்க் கேட்காமல், சேர்த்து வைத்து ஒரே தடவையில் கேளுங்கள். அவருக்கும் இதே தொல்லைதான். அதைப் புரிந்துகொண்டு நடக்கிறீர்கள் என்று தெரிந்தால், காலை நேரம் பற்றி நீங்கள் பேச்செடுக்கும்போது காது கொடுப்பார்.

பேச்செடுக்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 18ஆம் தேதி யாரிடமும் எதையும் மாற்றச் சொல்ல முடியாது. 3பி முடிந்து 21க்கு மேல், ஆபீஸ் கொஞ்சம் மூச்சு விடும்போது, வாரத்தில் இரண்டு காலை மட்டும் முயன்று பார்க்கலாமா என்று கேளுங்கள். யார் போன் எடுப்பது, எத்தனை மணிக்குத் திருப்பிக் கூப்பிடுவது என்ற இரண்டுக்கும் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள். முதல் முறை போன் எடுக்கும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.