வாசகர் கேள்வி பதில்: ஷ்மிட் என்றால் கொல்லர்

கேள்வி: என் மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். கீழ் வீட்டுக்காரர் பெயர் ஷ்மிட். அந்தப் பெயருக்கு 'கொல்லர்' என்று அர்த்தம் சொன்னாராம். ஆனால் அவர் ஓட்டுவது பஸ், பிறந்ததோ கஜகஸ்தானில். கொல்லுவேலை தெரியாதவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? ஜெர்மன் பெயர் கஜகஸ்தானுக்கு ஏன் போனது?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் பொறையாறு பக்கம் எங்கள் ஊர்ப் பட்டறை கண்ணில் வந்து நின்றது. தை அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போதே ஆளாளுக்குக் கருக்கரிவாளோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். மழுங்கிப்போன கருக்கை ஆசாரி ஒவ்வொரு பல்லாக உளி வைத்து வெட்டி எடுப்பார். துருத்தி இழுக்கிற வேலை என்னைப் போன்ற பொடியன்களுக்கு. கூலி காசாகக் கிடையாது, களத்துமேட்டில் நெல்லாக அளப்பார்கள். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் 'ஆசாரி', பையன் 'ஆசாரி மகன்', அவ்வளவுதான்.

ஜெர்மனியிலும் இப்படித்தான் தொடங்கியது. 12ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே நகரங்கள் பெருத்தன. ஒரே தெருவில் நாலு ஹான்ஸ் இருந்தால் வரிக்கணக்கு எழுதுகிறவர் என்ன செய்வார்? கொல்லர் ஹான்ஸ், மாவு அரைக்கிற ஹான்ஸ் என்று குறித்தார். முதலில் அந்த ஆளுக்கு மட்டும் இருந்த அடைமொழி, பிறகு பிள்ளைகளுக்கும் இறங்கியது. 16ஆம் நூற்றாண்டுக்குள் பெரும்பாலான பகுதிகளில் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. அதன்பின் கொல்லர் மகன் துணி தைத்தாலும் ஷ்மிட்தான், பேரன் பஸ் ஓட்டினாலும் ஷ்மிட்தான்.

நமக்குத் தெரிந்த மாக்ஸ் முல்லரின் 'முல்லர்', மாவரைக்கும் ஆலைக்காரர். ஷ்னைடர் தையல்காரர், ஃபிஷர் மீன் பிடிப்பவர், வேபர் நெசவாளர். இன்றைக்கும் ஜெர்மனியில் அதிகம் பேருக்கு உள்ள பெயர்களில் முதலிடம் முல்லருக்கு, அடுத்தது ஷ்மிட்டுக்கு. கலப்பைக் கொழுவும் குதிரை லாடமும் வேண்டாத ஊர் ஏது? ஊருக்கு ஓர் உலை இருந்தது. ஒவ்வோர் உலையடியிலும் ஒரு ஷ்மிட் குடும்பம் தனியாகக் கிளைத்தது. ஆகவே இரண்டு ஷ்மிட்டுகளைப் பார்த்தால் பங்காளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். பெயரின் வடிவம் சில சமயம் ஊரைக் காட்டிக்கொடுக்கும். 'ஷ்மிட்ஸ்' என்று முடிந்தால் கொலோனை ஒட்டிய ரைன் நதிப் பகுதியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி கஜகஸ்தானுக்கு வருவோம். ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் 1763இல் ஓர் அறிக்கை விட்டார்: வெளிநாட்டார் வந்து குடியேறலாம், தரிசில் குடியேறினால் 30 ஆண்டுக்கு வரி இல்லை, பட்டாளத்துக்குப் பிடிக்க மாட்டோம், உங்கள் மதம் உங்களோடு. ஏழாண்டுப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. ஹெஸ்ஸன் போன்ற பகுதிகளில் விவசாயிகள் நொடித்துக் கிடந்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிளம்பி வோல்கா நதிக்கரையில் 100க்கும் மேற்பட்ட ஊர்களை உண்டாக்கின. நிலம் உழுது, ஜெர்மன் பேசி, தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தார்கள். 1874இல் பட்டாளச் சலுகை பறிபோனதும் ஒரு பகுதியினர் அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் கப்பலேறினார்கள்.

தங்கியவர்களுக்கு நேர்ந்ததை எழுதக் கை தயங்குகிறது. ஹிட்லரின் படை சோவியத்துக்குள் நுழைந்த இரண்டே மாதத்தில், 1941 ஆகஸ்ட் 28 அன்று, வோல்கா ஜெர்மானியர் அனைவரையும் அப்புறப்படுத்த உத்தரவு வந்தது. குற்றம் செய்தவர், செய்யாதவர் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. வீடு, மாடு, அறுத்த கதிர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரயிலில் ஏற்றப்பட்டார்கள். சைபீரியாவிலும் கஜகஸ்தானிலும் இறக்கிவிட்டார்கள். சோவியத் உடைந்த பிறகு, 1990களில், அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெருங்கூட்டமாக ஜெர்மனி திரும்பினார்கள். உங்கள் மகனின் கீழ் வீட்டுக்காரரும் அநேகமாக இந்த வழியில் வந்தவர்தான். இருநூறு ஆண்டுக்கு மேல் அலைந்தும் கைவிடாமல் அவர் வீட்டார் கொண்டுவந்தது அந்தப் பெயர். 'உங்கள் பாட்டனாருக்கு வோல்காவில் எந்த ஊர்?' என்று மகனைப் பக்குவமாகக் கேட்கச் சொல்லுங்கள். கேட்பாரில்லாமல் மனதில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரிமார் பெயர்களிலும் தொழில் உண்டா?
- வாசகர், திருக்கடையூர்

பதில்: உண்டு. என் மேசையில் இருக்கும் பப்ரிசியஸ் அகராதியே சாட்சி. 'ஃபாபர்' என்றால் லத்தீனில் கொல்லர், கைவினைஞர். படித்த ஜெர்மானியர்கள் தம் பெயரை லத்தீனாக்கிக்கொள்வது ஒரு காலத்தில் பெருவழக்கம். ஷ்மிட்டுகள் பலர் ஃபாபர், பப்ரிசியஸ் ஆனது அப்படித்தான். கவிஞர் கதேயின் தாய்வழி முன்னோர், நெசவாளரைக் குறிக்கும் 'வேபர்' பெயரை 'டெக்ஸ்டர்' ஆக்கிக்கொண்டவர்கள். பப்ரிசியஸ் 1740இல் தரங்கம்பாடியில் இறங்கினார், பிறகு சென்னை வேப்பேரிக்குப் போனார். அங்கே 1779இல் அவருடைய தமிழ் - ஆங்கில அகராதி அச்சானது. அதை விரிவாக்கித் தரங்கம்பாடியிலேயே 1897இல் பதிப்பித்தார்கள். கொல்லர் பெயர் கொண்டவர் சொற்களை அடித்துத் தந்திருக்கிறார். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு.

1719இல் வந்த ஷுல்ட்ஸே பெயர், வரியும் கடமையும் கட்டச் சொல்கிற ஊர் அதிகாரியைக் குறிப்பது. நம்மூர் மணியக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் சுவார்ட்ஸ் பெயரில் தொழில் இல்லை, 'கருப்பு' என்று மட்டும் பொருள். 1706இல் முதலில் வந்த சீகன்பால்கு பெயரைப் பிரித்தால் 'சீகெ' வெள்ளாடு, 'பால்க்' உரித்த தோல். கொல்லர் உலையில் காற்றூதும் துருத்திக்கும் ஜெர்மனில் 'பிளாஸெபால்க்' என்றுதான் பெயர். பொறையாறு பட்டறையில் நான் இழுத்த துருத்தியும் ஆட்டுத்தோல்தான்.