யார் வீட்டுப் பெண், யாரிடம் கற்ற பெண்

அன்புள்ள அக்கா,

மகளிர் தினத்தன்று வேலூரில் நீங்கள் பேசிய கூட்டத்துக்கு என் மகளோடு வந்திருந்தேன். சினிமாவிலும் டிவியிலும் முதன்முதலாகத் தடம் பதித்த பெண்களைப் பற்றிச் சொன்னீர்கள். நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருஷமாக இருக்கிறேன். தையல் மெஷினில் உட்கார்ந்தவள், இப்போது லைன் சூப்பர்வைசர். மகள் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். கேமரா படிக்கணும் என்கிறாள். நீங்கள் சொன்ன பெயர்களை எல்லாம் நோட்டில் எழுதிவந்து என் அண்ணனிடம் காட்டினாள். அவர் செல்போனில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துவிட்டு, "இவங்க அப்பா பெரிய டைரக்டர், இவங்க சித்தப்பா பெரிய நடிகர். உனக்கு யார் இருக்காங்க?" என்று கேட்டார். அவள் அப்பா கொரோனாவில் போய்விட்டார். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அண்ணன் கெட்டவர் இல்லை. அவர் கேட்டதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

ச., ஆம்பூர்

அன்புள்ள ச.,

உங்கள் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. அரை மணி நேரம் பெயர்களையும் ஆண்டுகளையும் சொன்னேனே தவிர, அந்தப் பெண்கள் அந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெறும் பெயரை வைத்துக்கொண்டு பதினேழு வயதுப் பெண் வீட்டில் என்ன வாதாட முடியும்? அன்று விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அவர் செல்போனில் பார்த்த டைரக்டரின் மகள் பி.ஆர்.விஜயலட்சுமியாக இருக்க வேண்டும். பி.ஆர்.பந்துலுவின் மகள். 1985இல் 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். ஆசியாவிலேயே முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று அவரைச் சொல்வார்கள். ஆனால் பந்துலு 1974இலேயே இறந்துவிட்டார். மகள் தனியாகக் கேமரா பிடித்தபோது அப்பா போய்ப் பதினோரு வருஷம். அப்பாவின் பெயர் நாலு கதவுகளைத் திறந்திருக்கும், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் லைட் மீட்டரை எப்படிப் பார்ப்பது, எந்த நேரத்து வெயில் முகத்தில் எப்படி விழும் என்பதெல்லாம் பெயரைச் சொன்னால் வந்துவிடாது. அதற்கு ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். விஜயலட்சுமிக்கு அப்படி நின்றவர் ஒளிப்பதிவாளர் அசோக்குமார். அவரிடம் உதவியாளராக இருந்துதான் தொழிலைக் கற்றார்.

சித்தப்பா நடிகர் என்றது சுஹாசினியை. அவர் அடையாறில் இருந்த திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். படித்து முடித்து யாரிடம் உதவியாளராகச் சேர்ந்தார் தெரியுமா? அதே அசோக்குமாரிடம். 1980இல் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' வந்தது. கேமராவுக்குப் பின்னால் நின்ற பெண்ணை முன்னால் கொண்டுவந்து கதாநாயகி ஆக்கினார்கள். நல்ல நடிகை நமக்குக் கிடைத்தார். ஆனாலும் அன்று அவர் கேமராவை விடாமல் இருந்திருந்தால் என்று எனக்கு இன்றும் தோன்றும். பிறகு டைரக்‌ஷனுக்கு வந்தார். தூர்தர்ஷனுக்கு அவர் எடுத்த 'பெண்' தொடரை அந்தக் காலத்தில் நாங்கள் தெருவில் இருந்த ஒரே டிவிப்பெட்டிக்கு முன்னால் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தோம்.

இரண்டு பெண்கள், ஒரே ஆசிரியர். இதைத்தான் நான் மேடையில் சொல்லியிருக்க வேண்டும். யார் வீட்டுப் பெண் என்று உங்கள் அண்ணன் பார்த்தார். யாரிடம் கற்ற பெண் என்று பார்க்கச் சொல்கிறேன்.

என் பாட்டி ஊர் போளூர் பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் ராத்திரி முழுக்கக் கூத்து. பாஞ்சாலி வேஷம் கட்டுகிறவர் பகலில் ஏர் ஓட்டுகிற மனிதர். துகில் உரிகிற கட்டத்தில் அவர் அழ, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பெண்களும் அழுவார்கள். ஒருமுறை பாட்டியிடம், "ஏன் பாட்டி, பாஞ்சாலியா ஒரு பொம்பளை ஆடமாட்டாங்களா?" என்று கேட்டேன். "ஆடத் தெரியாதா என்ன? யார்டி கத்துக்குடுக்கறாங்க?" என்றாள். வாத்தியார் பையன்களைத்தான் சேர்த்துக்கொள்வார், அடவும் பாட்டும் அவர்களுக்குத்தான். இன்று சில குழுக்களில் பெண்களும் ஆடுகிறார்கள். ஆனால் பாட்டி அதைப் பார்க்கவில்லை.

அப்படிப்பட்ட காலத்தில்தான் டி.பி.ராஜலட்சுமி மேடையேறினார். தஞ்சாவூர்ப் பக்கம் சாலியமங்கலம். சினிமா குடும்பம் என்று சொல்லச் சினிமாவே அப்போது பேசவில்லை. சிறு வயதிலேயே கல்யாணம், அது நிலைக்கவில்லை. நாடகக் கம்பெனிதான் அவருக்குப் பள்ளிக்கூடம். 1931இல் தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தில் கதாநாயகி. 1936இல் தானே எழுதிய நாவலை 'மிஸ் கமலா' என்று படமாக்கினார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் அவர்தான். உங்கள் மகள் நோட்டில் இந்தப் பெயரும் இருக்கும், அண்ணன் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. இன்னொரு தரம் காட்டச் சொல்லுங்கள்.

நம் வேலூரில் பிறந்த பாடகி ஒருவர் இருந்தார். வாணி ஜெயராம் 1945இல் இங்கேதான் பிறந்தார். ஸ்டேட் பேங்கில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி பம்பாய் போனபின், கணவர் தூண்டுதலில் உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானி கற்றார். 1971இல் இந்திப் படத்தில் பாடினார், அதற்கப்புறம் மூன்று தேசிய விருது. கர்நாடக சங்கீதம் பழகிய குரல், பேங்க் வேலை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் பிறகு புதிதாக ஒரு குருவின் முன்னால் போய் உட்கார்ந்தது. அதை நினைத்தால் எனக்கு விருதுகள்கூடச் சின்னதாகிவிடும்.

கற்றால் மட்டும் போதுமா என்றால், போதாது. சினிமாவில் யூனியன் கார்டு வேண்டும். மும்பையில் மேக்கப் யூனியன் பல பத்தாண்டுகளாகப் பெண்களுக்கு மேக்கப் கலைஞர் கார்டு தரவில்லை. பெண் என்றால் ஹேர் டிரஸ்ஸர் மட்டும்தான். முறையாகப் படித்துவிட்டு வந்த சாரு குரானா உச்ச நீதிமன்றம் வரை போனார். 2014 நவம்பரில் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எது ஆண் வேலை, எது பெண் வேலை என்று யாரோ எழுதிவைத்த ஒரு வரியை அழிக்க அவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது. கட்டிங் ஆண்களுக்கு, தையல் பெண்களுக்கு என்று பிரித்திருக்கும் கம்பெனிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அண்ணன் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று இருக்கும். அதுவும் நியாயமானதே. கேரளத்தில் சினிமாவில் வேலை செய்யும் பெண்களின் நிலையை ஆராய 2017இல் அமைத்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானது. படப்பிடிப்பில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடம் இல்லை என்பதில் தொடங்கி, வாய்ப்புக்காக உடலைக் கேட்பது வரை அதில் இருக்கிறது. இதை மறைத்து உங்கள் மகளை அனுப்பச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கமிட்டி தானாக வந்துவிடவில்லை. அங்கே சினிமாவில் வேலை செய்யும் பெண்கள் ஒரு அமைப்பாகச் சேர்ந்து கேட்டுத்தான் வந்தது. ஒளிப்பதிவிலும் இந்தியப் பெண்கள் 2017இல் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ரேவதி இயக்கிய 'மித்ர்' படத்துக்குக் கேமரா பிடித்த ஃபௌசியா ஃபாத்திமா அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். உங்கள் மகள் முதல் ஆள் இல்லை. முதல் ஆளாகப் போகிறவளுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

அண்ணன் இன்னும் "அவங்க எல்லாம் அந்த வீட்டுப் பொண்ணுங்க" என்றால், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைக் காட்டுங்கள். அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா டாக்டர், அப்பா டாக்டர். டாக்டர் வீட்டுப் பெண் டாக்டரானதில் என்ன அதிசயம் என்று யாரும் கேட்கலாம். ஆனால் 1918இல் இங்கே பெண்களுக்காக மருத்துவப் பள்ளி ஆரம்பித்தாரே, 1947 வரை அதில் ஆண்களைச் சேர்க்கவில்லை. அங்கே படித்து வெளியே வந்தவர்களை யார் வீட்டுப் பெண் என்று வேலூரில் யாரும் கேட்டதில்லை, அவசரத்துக்கு அவர்களிடம்தான் ஓடினோம்.

இனி ஆக வேண்டியது. சென்னை தரமணியில் அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் ஒளிப்பதிவில் பட்டப்படிப்பு படிக்கலாம். விஸ்காம் என்று எந்தத் தனியார் கல்லூரியிலும் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டுவதற்கு முன்னால் இந்த வருஷ அறிவிப்பைப் பாருங்கள். என்ன பாடம் படித்திருக்க வேண்டும், கடைசித் தேதி எது என்று மகளையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கேமரா இப்போதே வாங்கித் தர வேண்டாம். கையில் இருக்கும் செல்போனில், உங்கள் வீட்டு ஜன்னலில் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் விழும் வெளிச்சத்தை ஒரு மாதம் எடுத்துவரச் சொல்லுங்கள். அலுக்காமல் எடுத்தால் அவள் சொல்வது வெறும் ஆசை இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தையல் மெஷினில் உட்கார்ந்தவள் இப்போது சூப்பர்வைசர் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். முதல் நாள் அந்த மெஷினில் உங்களுக்கு நூல் கோக்கச் சொல்லித் தந்தது யார்? உங்களிடம் கற்றவர்கள் இன்று எத்தனை பேர்? இதை எனக்கு எழுத வேண்டாம். அண்ணனும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து மகளிடம் சொல்லுங்கள்.

வருகிற ஞாயிறு நான் வீட்டில்தான் இருப்பேன். மூன்று பேரும் வாருங்கள். அண்ணன் கட்டாயம் வரவேண்டும், அவர் கேட்க இன்னும் கேள்வி இருக்கும். காட்பாடியில் இறங்கியதும் ஒரு போன் செய்யுங்கள். மகளிடம் நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் கற்றுக்கொடுத்தவர் பெயரை எழுதலாம்.

அன்புடன்,
அக்கா