உங்கள் துப்பறியும் கதையில் நாட்டாரியல்காரிக்கு ஒரு வேலை

தம்பி, கிழக்கிலங்கையில் தம்பிலுவில் பக்கம் கதை நடக்கிறது, பாட்டுப் பதிவு செய்ய வந்த நாட்டாரியல் விரிவுரையாளர் கொலையைத் துப்பறிகிறார், ஆனால் அவருடைய படிப்பு கதைக்கு உதவவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பாட்டும் கூத்தும் திரைச்சீலையாக மட்டும் தொங்கினால் அப்படித்தான் இருக்கும். பொலிஸ் காதில் ஏறாத ஒன்று அவர் காதில் விழ வேண்டும்.

என் யோசனை, குடியை, அதாவது ஒருவர் பிறந்த குல வழியை, பிடியுங்கள். நம் பக்கத்தில் குடி தாய்வழியாகத்தான் வரும். ஊர்க்காரன் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் சொத்து வழக்கில் உரிமை கேட்கிறான். பேச்சுவாக்கில் "அப்பாவின் குடிதான் என் குடி" என்கிறான். பொலிஸ்காரர் அதை எழுதிவைத்துக்கொண்டு போய்விடுவார். உங்கள் விரிவுரையாளர் அங்கேயே நிமிர்ந்து உட்காருவார். இங்கே பிறந்து வளர்ந்த எவனும் அப்படிச் சொல்ல மாட்டான்.

கோயிலையும் விடாதீர்கள். கண்ணகை அம்மன் கோயில்கள் பலவற்றில் வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறக்கும், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கோடு முடியும். வருஷம் முழுக்கப் பூட்டியிருக்கும் அறைக்குள் ஒரு பொருள் இடம் மாறியிருந்தால்? (பிணத்தை மட்டும் உள்ளே போடாதீர்கள், நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும்.)

கொம்புமுறியை (ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கொம்புகளைக் கொளுவி இழுத்து முறிக்கும் சடங்கு விளையாட்டு) சேர்ப்பதானால், வடசேரி, தென்சேரி என்ற அந்த இரு கட்சிகளும் பாடும் வசைப்பாட்டில் பழைய பகை ஒன்றை ஒளித்துவையுங்கள். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனை விட்டுவிடுங்கள், அது கல்லடிப் பக்கத்துச் சரக்கு, எல்லாரும் எழுதிவிட்டார்கள். முதல் அத்தியாயத்தை இங்கே போடுங்கள், படித்துப் பார்க்கிறேன்.