கொசுறுக் கறிவேப்பிலை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். நான் 11 ஆண்டுகளாக மெல்பர்னில் வசித்துவருகிறேன். மனைவியும் நானும் கணினித் துறையில் பணிபுரிகிறோம். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இம்முறை டிசம்பர், ஜனவரி பள்ளி விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தோம். மொத்தம் ஐந்து வாரங்கள். கடைசி ஆறு நாட்கள் மதுரையில் மனைவியின் பெற்றோர் வீட்டில், மற்ற நாட்களெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில். பொங்கலை முடித்துக்கொண்டு, பள்ளி திறப்பதற்கு இரண்டு நாட்கள் முன்பு மெல்பர்ன் வந்து இறங்கினோம்.

மூன்று வாரங்கள் ஆகியும் வீடு இன்னும் பழைய ஓட்டத்துக்கு வரவில்லை. மகள் முதல் வாரம் முழுவதும் இரவு ஒரு மணிவரை விழித்திருந்தாள்; அது சரியாகிவிட்டது. ஆனால் "நம்ம வீட்டுக்கு எப்போ போவோம்?" என்று கேட்பதை அவள் நிறுத்தவில்லை. அவள் பிறந்து வளர்ந்தது இங்கேதான். வகுப்பில் யாருடனும் பேசாமல் இருக்கிறாள் என்று ஆசிரியை அழைத்துச் சொன்னார். ஊரில் அவள் தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய்வருவாள். கடைக்காரர் கொசுறாகக் கொடுத்த கறிவேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்ததை இங்கே வருபவர்களிடமெல்லாம் சொல்கிறாள். தினமும் மாலையில் வீடியோ அழைப்பில் என் அம்மா அங்கே அழ, இவள் இங்கே அழுகிறாள். ஆச்சி கட்டிக்கொடுத்த பால்கோவாவை, நான் படிவத்தில் முறையாகக் குறிப்பிட்டிருந்தும், விமான நிலையத்தில் வாங்கிக் குப்பையில் போட்டதை அவளால் இன்னும் மறக்க முடியவில்லை. எனக்கும் வேலையில் மனம் பதியவில்லை; ஒரு பெட்டியை இன்னும் திறக்கவே இல்லை. மனைவி வழக்கம்போல வேலைக்குப் போய்வருகிறாள், அதிகம் பேசுவதில்லை.

ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு மாதம் சிதைந்துபோகும் என்றால், ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொள்வதுதான் நல்லதா? அல்லது எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட வேண்டியதுதானா?

அன்புடன்,
க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

உறக்கம் சரியாகிவிட்டது என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் மூன்று வாரக் கணக்கில் முதல் வாரம் முழுவதும் அதற்குரியது. இப்போது மெல்பர்ன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. உங்கள் மகள் காலை 9 மணிக்கு வகுப்பில் உட்காரும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் அதிகாலை 3.30, நள்ளிரவு ஒரு மணிக்கு அவள் விழித்துக் கிடந்தபோது அங்கே இரவு 7.30, ஆச்சி தோசை வார்க்கும் நேரம். உடலின் உள்கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகர்ந்துகொடுக்கும். அதன் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீண்டது என்பதால், மேற்கே போய் நாளை நீட்டிக்கொள்வதைவிடக் கிழக்கே போய் நாளைச் சுருக்கிக்கொள்வது பெரும்பாலோருக்குக் கடினமாக இருக்கிறது. நீங்கள் கிழக்கே போயிருக்கிறீர்கள், அதுவும் பள்ளி திறக்க இரண்டே நாட்கள் இருக்கும்போது. அந்த வாரத்து மௌனத்தை ஊர் ஏக்கத்தின் கணக்கில் எழுத வேண்டாம்; அதிகாலை மூன்றரை மணிக்கு யார்தான் பேசுவார்கள்? அடுத்த முறை ஊரில் ஒரு வாரத்தைக் குறைத்து, அதை மெல்பர்னில் பள்ளியும் அலுவலகமும் இல்லாத வாரமாக வைத்துக்கொள்ளும்படி பயணச்சீட்டு எடுங்கள். "ஒரு வாரம் முன்னாலேயே ஏன் கிளம்ப வேண்டும்?" என்று உங்கள் அம்மா கேட்பார். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்.

எஞ்சிய இரண்டு வாரங்களைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஊரைப் பிரிந்து மெலிவதற்கு மருத்துவத்தில் பெயர் வைத்து 300 ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1688இல் பாசல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில் அதை ஒரு நோயாகவே விவரித்து, 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லைக் கிரேக்க வேர்களைக் கொண்டு உருவாக்கினார். நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவைப்பதையே அவர் உறுதியான மருந்தாகக் கருதினார். அந்த மருந்தை உங்கள் மகளுக்குக் கொடுக்க முடியாது, ஏனென்றால் வீட்டில் இருந்துகொண்டேதான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். பிற்காலத்து ஆய்வுகளும் உங்களுக்கு அதிகம் உதவா. 1955இல் நார்வேயின் சமூகவியலாளர் ஸ்வெரே லிஸ்கார்ட், உதவித்தொகையில் அமெரிக்கா சென்றுவந்த தம் நாட்டினரை ஆராய்ந்து, புதிய இடத்தில் மனநிலை முதலில் உயர்ந்து, பிறகு தாழ்ந்து, மீண்டும் உயர்கிறது என்று எழுதினார்; 1963இல் ஆய்வாளர்களான கலஹார்ன் இணையர், ஊர் திரும்பிய பிறகும் அதே ஏற்ற இறக்கம் இன்னொரு முறை நிகழ்வதாக அதை நீட்டித்தனர். இவையெல்லாம் ஒருமுறை போய் ஒருமுறை திரும்பியவர்களைப் பற்றிய சித்திரங்கள். எந்தத் திசையில் விமானம் ஏறினாலும் 'திரும்புகிறோம்' என்றே சொல்லும் உங்களைப் போன்றவர்களை அந்த வளைகோட்டின் எந்தப் புள்ளியில் வைப்பது?

உங்கள் கடிதத்திலேயே இதற்கான விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஐந்து வாரங்களில் அவள் பார்த்தவை எத்தனையோ இருக்கும். மார்கழியில் ஆண்டாள் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாள், பொங்கலைப் பார்த்திருக்கிறாள். ஆனால் வருபவர்களிடமெல்லாம் அவள் சொல்வது கொசுறுக் கறிவேப்பிலையைப் பற்றித்தான். அந்த வீட்டில் அவளை ஏவுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். பால் தீர்ந்துவிட்டது, ஓடிப்போய் ஒரு பாக்கெட் வாங்கி வா என்றார்கள். தாத்தாவின் கண்ணாடியை எடுத்து வா, தம்பியைக் கூப்பிடு, மாடியில் வடகம் நனைகிறதா பார் என்றார்கள். கடைக்காரர் அவளை இன்னார் பேத்தி என்று அறிந்து, பெரியவர்களுக்குக் கொடுப்பதைப்போலவே கொசுறும் கொடுத்தார். மெல்பர்னின் புறநகரில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை, ஆனால் அவளால் ஆக வேண்டிய காரியமும் ஒன்றுமில்லை. அவளைக் காரில் ஏற்றி நீச்சலுக்கும், பிறந்தநாள் விருந்துக்கும், நூலகத்துக்கும் கொண்டுபோகிறீர்கள். அவளுக்காக எல்லாம் நடக்கிறது. ஊரில் அவளாலும் சில நடந்தன. அவள் 'நம்ம வீடு' என்று சொல்வது தான் தேவைப்பட்ட இடத்தை.

இதை நான் ஊகமாக மட்டும் சொல்லவில்லை. வெளிநாட்டில் வாழ்ந்தவள் அல்லள் என்றாலும், எழுபதுகளில் என் கணவரின் உருக்காலை வேலையின் பொருட்டு ஒன்பது ஆண்டுகள் பிலாயில் இருந்தேன். இன்று சத்தீஸ்கரில் உள்ள அவ்வூர் அன்று மத்தியப் பிரதேசத்தில் இருந்தது. மே மாதத்தில் திருநெல்வேலிக்கு ரயில் மாறி ரயில் ஏறி வருவோம், ஜூனில் திரும்புவோம். ஓராண்டு, அப்போது ஏழு வயதான என் மகள் திரும்பியதும் இந்தி பேசுவதை அறவே நிறுத்திவிட்டாள். ஆசிரியை இந்தியில் கேட்டால் தமிழில் பதில் சொன்னாள். நாங்கள் கெஞ்சினோம், அதட்டினோம், இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். பத்தாம் நாளோ என்னவோ, பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த ஒடியாக்காரப் பெண்மணி, பால் வாங்கப் போகும்போது தன் தூக்குவாளியையும் எடுத்துப் போகும்படி அவளிடம் சொன்னார். பால் கொடுப்பவரிடம் இரண்டு வாளிக்கும் தனித்தனியாகக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்ததால், அன்று மாலையே இந்தி வந்துவிட்டது. பத்து நாட்களில் அது எப்படியும் வந்திருக்கும் என்று என் கணவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியும் இருக்கலாம். நான் என் பக்கத்தை நம்புகிறேன்.

எனவே அவளுக்கு வேலை கொடுங்கள். ஸ்டிக்கர் ஒட்டிப் பாராட்டுவதற்கான வேலைகளைச் சொல்லவில்லை. அவள் செய்யாவிட்டால் வீட்டில் ஒரு காரியம் நிஜமாகவே நின்றுபோக வேண்டும். குப்பை வண்டி வரும் நாளுக்கு முந்தைய இரவு, எந்த வண்ண மூடித் தொட்டியை வெளியே வைக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்திருப்பது இனி அவள் பொறுப்பு. அவள் மறந்தால் குப்பை வீட்டிலேயே கிடக்கட்டும். இந்தியக் கடைக்குப் போகும்போது நீங்கள் வாசலில் நின்றுகொண்டு அவளை உள்ளே அனுப்புங்கள், அவளே கேட்டு, அவளே பணம் கொடுத்து, மீதியை எண்ணி வாங்கி வரட்டும். தமிழில் கேட்க முடிந்த கடையாக இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து வாரத்தில் அவள் நாவில் ஏறியிருக்கும் தமிழ் மிக வேகமாக இறங்கிவிடும். விக்டோரியா அரசின் மொழிப்பள்ளியில் தமிழும் கற்பிக்கிறார்கள். சேர்க்கவில்லையென்றால் இந்த ஆண்டே சேர்த்துவிடுங்கள்.

பால்கோவாவைப் பற்றி அவளிடம் விளக்கமாகப் பேசியிருக்கிறீர்களா? ஆஸ்திரேலியக் கால்நடைகளில் 1872க்குப் பிறகு கோமாரி நோய் இல்லை, நம் நாட்டில் அது இருக்கிறது, அதனால் பாலில் செய்த இனிப்புகளை அவர்கள் உள்ளே விடுவதில்லை என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். மாடுகளைக் காப்பாற்றுவதற்காகத்தான் என்றால் கோபம் பாதியாகக் குறையும். ஆனால் அவளை வருத்துவது அது மட்டும்தானா என்று எனக்கு ஐயம். ஆச்சியிடம் நீங்கள் "பால்கோவா நன்றாக இருந்தது" என்று சொல்லியிருப்பீர்கள். அப்படிச் சொல்லியிருந்தால், ஒவ்வொரு மாலையும் அந்த வீடியோ அழைப்பில் உங்கள் பொய்யையும் சேர்த்து அவள்தான் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆச்சியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவர் இரண்டு நிமிடம் அந்த அதிகாரிகளைத் திட்டுவார், அதோடு தீர்ந்துவிடும்.

அந்த அழைப்புகளையும் சற்று மாற்றியமைக்கலாம். தினமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அழுவதற்குப் பதிலாக, வாரத்தில் மூன்று நாட்கள், மெல்பர்னில் மாலை 6.30க்கு, அதாவது அங்கே பிற்பகல் ஒரு மணிக்கு அழையுங்கள். உங்கள் அம்மாவுக்கு மதிய மாத்திரை ஏதேனும் இருக்குமானால், அதை எடுத்துக்கொண்டாரா என்று கேட்டுக் குறித்துவைப்பது பேத்தியின் வேலையாகட்டும். ஏப்ரல் முதல் ஞாயிறன்று உங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பீர்கள். அப்போது அழைக்கும் நேரத்தை மாற்றிக் கணக்கிடுவதையும் அவளிடமே விடுங்கள். அந்தப் பக்கத்திலும் ஒரு வீடு காலியாகியிருக்கிறது என்பதை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். நான்கு வாரத்துக்கு மேல் உங்கள் நால்வருக்கும் சேர்த்து உலை வைத்தவர், இப்போது இருவருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று கை தடுமாறிக்கொண்டிருப்பார்.

ஊரோடு வந்துவிடுவதா என்ற கேள்விக்கு இந்த மாதத்தில் பதில் தேடாதீர்கள். நீங்கள் பார்த்துவந்தது மார்கழியும் தையும் கூடிய, நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்பதற்காகவே எல்லோரும் விடுப்பெடுத்துக் கூடிய ஸ்ரீவில்லிபுத்தூர். மே மாதத்து வெயிலில், யாரும் வராத ஒரு செவ்வாய்க்கிழமையில் அவ்வூர் எப்படி இருக்கும் என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். உண்மையில் யோசிக்க வேண்டிய கேள்வி வேறு. உங்கள் பெற்றோருக்கு வயதாகிறது. முதிய பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் சாதாரண விசாவுக்கு ஆஸ்திரேலியாவில் முப்பது ஆண்டு அளவுக்குக் காத்திருப்பு. 2019 முதல் உள்ள தற்காலிகப் பெற்றோர் விசாவில் ஒரே தடவையில் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகள், மொத்தமாகப் பத்து ஆண்டுகள்வரை தங்க முடியும். இதை அவர்களுடன் கலந்து, தாள் பேனாவுடன் உட்கார்ந்து, ஒரு சாதாரண ஜூலை மாதத்தில் முடிவுசெய்ய வேண்டும். மகளின் அழுகை அதற்குச் சான்றும் அல்ல, காரணமும் அல்ல. போவதைக் குறைப்பதும் தீர்வாகாது. மூன்று ஆண்டு இடைவெளிதான் இந்தப் பயணத்தை இவ்வளவு கனமாக்கியது. பணம் இடம்கொடுத்தால் மூன்று வாரம் மட்டுமே ஆனாலும் அடிக்கடி வாருங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் ஐந்து வாரங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அவற்றில் மதுரைக்கு ஆறு நாட்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் கழித்துப் பார்த்தேன், 29 வருகிறது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஊருக்கு வந்த ஒரு பெண், 29 நாட்கள் மருமகளாகவும் ஆறு நாட்கள் மகளாகவும் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரை நீங்கள் 'எங்கள் வீடு' என்று குறிப்பிட்டதையும், மதுரையை 'மனைவியின் பெற்றோர் வீடு' என்று குறிப்பிட்டதையும் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். மகளின் அழுகைக்கு ஒரு பத்தி, உங்கள் மனம் பதியாமைக்கு ஒரு வரி, அவருக்கு 'அதிகம் பேசுவதில்லை' என்ற இரண்டு சொற்கள். அவர் மதுரையை நினைத்துப் பேசாமல் இருக்கலாம். அல்லது, பண்டிகைச் சமையலிலிருந்தும் உறவினர் வரிசையிலிருந்தும் விடுபட்டுத் தம் சொந்தச் சமையலறைக்கு வந்து சேர்ந்ததில் அவருக்கு நிம்மதியாகவும் இருக்கலாம். எல்லோரும் அழுதுகொண்டிருக்கும் வீட்டில் அந்த நிம்மதியை எப்படி வாய்விட்டுச் சொல்வது? இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்றே தோன்றுகிறது. திறக்காத பெட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமை இருவருமாக உட்கார்ந்து திறந்து, துணிகளை மடித்து வைத்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள்.

அவர் எனக்குத் தனியாக எழுத விரும்பினால் எழுதட்டும். அதை இங்கே வெளியிட மாட்டேன்.

அன்புடன்.