படுக்கைப் புண் வந்தால் பார்த்துக்கொண்டவர் மேல் குற்றமா?

படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்கு இடுப்பின் பின்புறம் புண் வந்துவிட்டது, நாங்கள் கவனிக்கவில்லை என்று உறவினர் சொல்கிறார்கள், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலை உப்புவெளியில் அம்மம்மாவைப் பதினொரு மாதம் கட்டிலில் வைத்துப் பார்த்தபோது நானும் அந்தப் பேச்சைக் கேட்டு அழுதவள்.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கும் தசைக்கு இரத்தம் போகாது. ஆகவே சேதம் பெரும்பாலும் உள்ளிருந்து தொடங்கும்; வெளியே சிறிதாகத் தெரியும் புண் உள்ளே பெரிதாக இருக்கலாம். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்து, வெளிறவில்லை என்றால் படுக்கைப் புண்ணின் ஆரம்பம் என்பார்கள். நம் கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டுத்தான் அறிய வேண்டும்: சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ இறுக்கமாகவோ இருக்கலாம். நான் அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் பூசி அழுத்தித் தேய்த்தேன். அது பெரிய பிழை. தேய்த்தால் நைந்த தசை இன்னும் நையும்.

பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவார்கள். முழுவதுமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பாரமெல்லாம் இடுப்பெலும்பில் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை சரித்தால் போதும். இழுக்காதீர்கள், விரிப்போடு சேர்த்துத் தூக்குங்கள். வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வையே தோலை ஊறவைத்துவிடும். நாங்கள் பருத்தி விரிப்பை நாளுக்கு மூன்று தடவை மாற்றினோம்.

இவ்வளவு செய்தும் கடைசி வாரத்தில், காலையில் இல்லாத கருநீலத் திட்டு மாலையில் வண்ணத்துப்பூச்சி வடிவில் விரிந்திருந்தது. வீட்டுக்கு வந்த தாதிதான் விளக்கினார்: உயிர் பிரியும் காலத்தில் சிறுநீரகமும் இதயமும் ஓய்வதுபோலத் தோலும் ஓய்கிறது. அமெரிக்கத் தாதி கேரன் கென்னடி 1989இல் விவரித்த புண் இது. நல்ல கவனிப்பிலும் வரும். அதன்பின் மணிக்கணக்குப் பார்த்துத் திருப்புவதை விட்டோம். அம்மம்மா முகம் சுளிக்காத பக்கமாகவே படுக்க வைத்தோம். கட்டு மாற்றுவதற்கு முன்னதாகவே வலி மருந்து கொடுத்தோம். நாற்றத்துக்கு மருத்துவர் மெட்ரோனிடசோல் எழுதித் தந்தார்.

உங்கள் அப்பா சாப்பிடுகிறார், பேசுகிறார் என்றால் அவருடைய புண் பெரும்பாலும் அந்த வகையாக இருக்காது, ஆற வாய்ப்புண்டு. உறவினருக்குப் பதில் சொல்வது பிறகு இருக்கட்டும். காய்ச்சலோ சீழோ இருந்தால் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் தூக்கிவிடுங்கள். அடுத்த புண் பெரும்பாலும் அங்கேதான் வரும்.